வாசனைக்கு அளவுகோல் இல்லை: எலியின் மூளை மணங்களைப் பிரித்தறியும் விதம்

ஒளிக்கு அலைநீளம் என்ற ஓர் அளவு இருக்கிறது. ஒலிக்கு அதிர்வெண் இருக்கிறது. சிவப்பு முதல் ஊதா வரையுள்ள நிறங்களையும், மந்திர ஸ்தாயி முதல் தார ஸ்தாயி வரையுள்ள சுரங்களையும் ஒரே கோட்டில் வரிசையாக நிறுத்திவிடலாம். ஒரு நிறம் மற்றொரு நிறத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கேட்டால் அந்தக் கோட்டைப் பார்த்துப் பதில் சொல்லலாம். வாசனைக்கு அப்படி எந்தக் கோடும் கிடையாது. வாசனை என்பது காற்றில் மிதந்து வரும் மூலக்கூறுகளால் உண்டாவது. அந்த மூலக்கூறுகளோ அளவிலும் வடிவிலும் மின்னேற்றத்திலும் அணுக்களின் சேர்க்கையிலும் எண்ணற்ற வகைகளில் வேறுபடுகின்றன. ஏறத்தாழ ஒரே அமைப்புள்ள இரண்டு மூலக்கூறுகள் முற்றிலும் வேறான மணம் தருவதும், அமைப்பில் எந்த உறவும் இல்லாத இரண்டு மூலக்கூறுகள் ஒன்றுபோல மணப்பதும் உண்டு. இத்தகைய ஒழுங்கற்ற உலகத்தை ஒரு மூளை எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இதற்கு விடை தேடியவர்கள் பெரும்பாலும் சுண்டெலியையும் எலியையும் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணங்கள் உள்ளன. இவை இருட்டில் நடமாடும் பிராணிகள். உணவு, துணை, எதிரி, குட்டி, அயலான் ஆகிய அனைத்தையும் மூக்கால்தான் முதலில் அறிகின்றன. சுண்டெலியின் மூளையில் மோப்பத்திற்கென்றே உள்ள குமிழ்ப்பகுதி மூளையின் மொத்தக் கன அளவில் சுமார் 2 விழுக்காடு இடத்தைப் பிடித்திருக்கிறது. மனித மூளையில் அந்தப் பங்கு 0.01 விழுக்காடு அளவே. தவிரவும், சுண்டெலியின் மரபணுக்களை மாற்றியமைத்து, ஒரு குறிப்பிட்ட வகை நரம்பு செல்லை மட்டும் நிறமேற்றவோ, ஒளியால் தூண்டவோ, செயலிழக்கச் செய்யவோ இன்று முடிகிறது. இந்தக் கட்டுரையில் வரும் முடிவுகளில் பல அந்த வசதி இல்லாமல் கிடைத்திருக்காதவை.

மூக்கில் நடப்பது

எலி மூச்சை உள்ளிழுக்கும்போது காற்றோடு வரும் மூலக்கூறுகள் மூக்கின் உட்புறத்தில் மேற்பகுதியை மூடியிருக்கும் மெல்லிய திசுவை அடைகின்றன. அந்தத் திசுவின் மேல் சளிப்படலம் ஒன்று எப்போதும் ஈரமாக இருக்கிறது. மூலக்கூறுகள் அந்த ஈரத்தில் கரைந்த பிறகே மோப்ப நரம்பு செல்களின் நுண்ணிய இழைகளைத் தொட முடியும். சுண்டெலிக்கு இத்தகைய செல்கள் சுமார் 1 கோடி வரை இருக்கின்றன. நரம்பு செல்கள் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பவை என்றாலும், வெளிக்காற்றை நேரடியாகச் சந்திக்கும் இந்தச் செல்கள் மட்டும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அழிந்து, அடித்திசுவிலிருந்து தோன்றும் புதிய செல்களுக்கு இடம் விடுகின்றன.

இந்தச் செல்கள் மூலக்கூறுகளை எதைக் கொண்டு அடையாளம் காண்கின்றன என்பது 1991 வரை தெளிவாகவில்லை. அந்த ஆண்டு, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும், எலியின் மோப்பத் திசுவில் மட்டும் வெளிப்படும் ஒரு மாபெரும் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். அக்குடும்பத்தின் ஒவ்வொரு மரபணுவும் ஓர் ஏற்பியை, அதாவது குறிப்பிட்ட சில மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தை, உருவாக்குகிறது. சுண்டெலியில் செயல்படும் ஏற்பி மரபணுக்களின் எண்ணிக்கை 1,000-க்கும் அதிகம். மனிதரில் அது சுமார் 400. மனிதக் கண் நிறங்களைப் பிரித்தறிய 3 வகைக் கூம்பு செல்களே போதுமானவை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சிறு பிராணி தன் மரபணுக்களில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கை மோப்பத்திற்காக மட்டுமே ஒதுக்கி வைத்திருக்கிறது என்றால், வாசனை அதன் வாழ்க்கையில் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இந்தக் கண்டுபிடிப்புக்கு 2004-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஏற்பியில் மூலக்கூறு ஒட்டியதும் செல்லுக்குள் ஒரு தொடர்வினை தொடங்குகிறது. ஏற்பி தன்னை அடுத்திருக்கும் ஜி-புரதம் என்ற மற்றொரு புரதத்தைத் தூண்டுகிறது. அது ஒரு நொதியைத் தூண்டி, சுழல் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைப் பெருமளவில் உண்டாக்குகிறது. அந்த மூலக்கூறு செல்சவ்வில் உள்ள வாயில்களைத் திறக்க, சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே நுழைகின்றன. நுழைந்த கால்சியம் வேறு வாயில்களைத் திறந்து குளோரைடு அயனிகளை வெளியேற்றி மின்மாற்றத்தை மேலும் பெருக்குகிறது. இவ்வாறு வேதியியல் செய்தி ஒன்று மின்செய்தியாக மாறி மூளையை நோக்கிப் புறப்படுகிறது.

இங்கே இரண்டு விதிகளை நினைவில் கொள்ள வேண்டும். மற்ற அனைத்தும் இவற்றிலிருந்தே கிளைக்கின்றன. முதலாவது, ஒரு மோப்ப நரம்பு செல் 1,000-க்கும் மேற்பட்ட ஏற்பி மரபணுக்களில் ஒன்றை மட்டுமே வெளிப்படுத்துகிறது. இரண்டாவது, ஓர் ஏற்பிக்கு ஒரு மூலக்கூறு என்ற கணக்கு இங்கே செல்லாது. ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு வெவ்வேறு அளவில் இணங்குகிறது. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டுகிறது. ஆகவே ஒரு வாசனையின் அடையாளம் எந்த ஒரு செல்லிலும் இல்லை. எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்பட்டன என்ற கூட்டமைப்பில்தான் அது இருக்கிறது. 1999-இல் சுண்டெலியின் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துச் செய்த ஆய்வு ஒன்று இதை நேரடியாகக் காட்டியது. எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட ஆக்டனால் மனிதருக்கு ஆரஞ்சையும் ரோஜாவையும் நினைவூட்டும் இனிய மணம் உடையது. அதே எட்டு கார்பன்களைக் கொண்ட ஆக்டனாயிக் அமிலமோ கெட்டுப்போன கொழுப்பைப் போலவும் வியர்வையைப் போலவும் நாறுவது. இரண்டும் தூண்டிய ஏற்பிக் கூட்டங்கள் வெவ்வேறாக இருந்தன. வேதியியல் தாளில் சிறிதாகத் தோன்றும் மாற்றம், ஏற்பிகளின் கூட்டத்தில் பெரிய மாற்றமாகிவிடுகிறது.

இந்த முறையின் வலிமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 1,000 ஏற்பிகளில் ஏதேனும் மூன்று மட்டும் தூண்டப்படுவதாக வைத்துக்கொண்டாலும், 16 கோடிக்கும் அதிகமான வெவ்வேறு கூட்டங்கள் கிடைக்கும். உண்மையில் ஒரு வாசனை தூண்டும் ஏற்பிகள் மூன்றைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கலாம். எனவே எலி இதுவரை எந்தக் காட்டிலும் எந்த வீட்டிலும் சந்தித்திராத, வேதியியல் கூடத்தில் நேற்று உருவான ஒரு பொருளுக்கும்கூட அதன் மூக்கில் ஓர் அடையாளம் ஆயத்தமாக இருக்கிறது.

ஆனால் இதே முறையில் ஒரு சிக்கலும் பிறக்கிறது. வாசனையின் செறிவு கூடும்போது, முன்பு தூண்டப்படாத ஏற்பிகளும் தூண்டப்படத் தொடங்குகின்றன. ஆகவே கூட்டமைப்பே மாறிவிடுகிறது. தொலைவிலிருந்து மெலிதாக வரும் பாலாடைக்கட்டியின் மணமும் அருகில் வந்தபின் மூக்கை நிறைக்கும் மணமும் எலிக்கு ஒரே பொருளாகத் தெரியவேண்டும். ஏற்பிகளைப் பொறுத்தவரை அவை ஒரே பொருள் அல்ல. இந்தச் சிக்கலை மூளை தீர்க்கும் விதத்தைப் பின்னர் பார்ப்போம்.

மோப்பக் குமிழ்: ஒழுங்கின் இடம்

மோப்பத் திசுவில் ஒரே ஏற்பியைத் தாங்கிய செல்கள் ஓரிடத்தில் கூடியிருப்பதில்லை. பரந்த பகுதியில் மற்ற செல்களோடு கலந்து சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் நார்கள் மூளையின் முன்புறத்தில் உள்ள மோப்பக் குமிழை அடையும்போது வியப்புக்குரிய ஒன்று நிகழ்கிறது. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒரு வகை ஏற்பியைத் தாங்கிய செல்களும் அவற்றின் நார்களும் மட்டும் நீலமாகத் தெரியும்படி சுண்டெலியின் மரபணு மாற்றப்பட்டது. திசு முழுவதும் சிதறியிருந்த ஆயிரக்கணக்கான செல்களிலிருந்து புறப்பட்ட நீல நார்கள், ஒவ்வொரு குமிழிலும் இரண்டே இரண்டு புள்ளிகளில் வந்து குவிந்தன. இந்தக் குவிமுனைகளுக்குக் குளோமருலஸ் என்று பெயர். ஒரு குளோமருலஸுக்கு ஒரே வகை ஏற்பியிலிருந்து மட்டுமே செய்தி வருகிறது. ஆகவே மூக்கில் கலைந்து கிடந்தது குமிழில் ஏற்பிவாரியாக அடுக்கப்பட்டுவிடுகிறது. ஒரு வாசனையை எலிக்குக் காட்டி, குமிழின் மேற்பரப்பைத் தக்க கருவியால் படம்பிடித்தால், அந்த வாசனைக்குரிய குளோமருலஸ்கள் மட்டும் விழித்தெழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே இடத்தில் குவிவதால் கிடைக்கும் நன்மை வெளிப்படையானது. தனியொரு செல் வாசனை எதுவும் இல்லாமலும் அவ்வப்போது தானாகத் துடிக்கும். அதன் பேச்சை மட்டும் நம்ப முடியாது. ஒரே ஏற்பியைத் தாங்கிய பல ஆயிரம் செல்கள் ஒன்றுகூடிச் சொல்லும்போது தற்செயலான துடிப்புகள் ஒன்றையொன்று சமன்செய்துவிட, உண்மையான செய்தி மட்டும் மேலெழுகிறது. மிக மெல்லிய வாசனையையும் எலி உணர்வதற்கு இந்தக் குவிப்பே பெரிதும் காரணம். குளோமருலஸிலிருந்து செய்தியை எடுத்துச் செல்பவை மைட்ரல் செல்கள் எனப்படும் பெரிய நரம்பு செல்களும் அவற்றுக்கு இனமான கொத்து செல்களும் ஆகும். சுண்டெலியின் மைட்ரல் செல் ஒவ்வொன்றும் ஒரே ஒரு குளோமருலஸோடு மட்டுமே தன் தலைமைக் கிளையை இணைத்துக்கொள்கிறது.

மைட்ரல் செல்கள் செய்தியைப் பெற்றபடியே மேலே அனுப்பிவிடுவதில்லை. அவற்றின் பக்கக் கிளைகள், கிரானுல் செல்கள் எனப்படும் எண்ணற்ற சிறிய செல்களோடு உறவாடுகின்றன. கிரானுல் செல்லுக்கு நரம்பு நார் என்ற உறுப்பே இல்லை. மைட்ரல் செல்லின் கிளையும் கிரானுல் செல்லின் கிளையும் தொடுமிடத்தில் செய்தி இருபுறமும் செல்கிறது: மைட்ரல் செல் கிரானுல் செல்லைத் தூண்டுகிறது, தூண்டப்பட்ட கிரானுல் செல் அதே மைட்ரல் செல்லையும், தான் தொட்டுக்கொண்டிருக்கும் மற்ற மைட்ரல் செல்களையும் அடக்குகிறது. 1960-களில் இந்த இருவழித் தொடர்பு கண்டறியப்பட்டபோது, நரம்பு செல்லில் செய்தி ஒரே திசையில்தான் பாயும் என்ற பாடநூல் கருத்துக்கு அது ஒரு விதிவிலக்காக நின்றது.

இந்த அடக்குதலின் பயன், ஒத்த வாசனைகளைப் பிரிக்க வேண்டியிருக்கும்போது தெரிகிறது. கார்வோன் என்ற பொருள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்த இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று புதினா வகையின் மணமும் மற்றொன்று ஐரோப்பிய ரொட்டிகளில் தூவப்படும் கேரவே விதையின் மணமும் கொண்டவை. எலியின் குமிழில் இவ்விரண்டும் தூண்டும் குளோமருலஸ்களில் பெரும்பகுதி பொதுவானவை. சில மட்டுமே வேறுபடுகின்றன. பொதுவானவற்றின் கூச்சலைத் தணித்து வேறுபடுபவற்றை எடுப்பாக்கினால்தான் பிரித்தறிவது எளிதாகும். 2010-இல் வெளியான ஆய்வொன்றில், சுண்டெலியின் கிரானுல் செல்களில் மரபணு மாற்றத்தின் மூலம் அடக்கும் வலிமை கூட்டப்பட்டது. அந்தச் சுண்டெலிகள் ஒத்த கலவைகளை மற்றவற்றைவிட விரைவாகப் பிரித்தறிந்தன. எதிர்த்திசையில் அமைந்த மாற்றத்தைச் செய்தபோது அவை தாமதித்தன. கற்கும் திறனோ நினைவோ மாறாமல், முடிவெடுக்கும் வேகம் மட்டும் மாறியது என்பதே இந்தச் சோதனையின் அழகு.

கிரானுல் செல்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வளர்ந்த எலியின் மூளையில் புதிய நரம்பு செல்கள் பிறக்கின்றன என்பது நீண்டகாலம் ஏற்கப்படாத கருத்தாக இருந்தது. மூளையின் உட்குழிவை ஒட்டிய ஒரு பகுதியில் பிறக்கும் இளஞ்செல்கள், பல மில்லிமீட்டர் தொலைவு ஊர்ந்து மோப்பக் குமிழை அடைந்து, அங்கே பெரும்பாலும் கிரானுல் செல்களாக முதிர்கின்றன. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வரும் இவற்றில் ஏறத்தாழப் பாதி அழிந்துவிடுகின்றன; எவை நிலைக்கும் என்பதில் அந்த நாட்களில் எலி என்னென்ன முகர்ந்தது என்பதற்கும் பங்குண்டு. வாசனைகளைப் பிரிக்கும் கருவியையே எலி தன் வாழ்க்கைக்கு ஏற்ப இடைவிடாமல் திருத்திக்கொள்கிறது என்று கொள்வது மிகையாகாது.

ஒரு முகர்வின் கால அளவு

இதுவரை எந்தக் குளோமருலஸ் தூண்டப்பட்டது என்பதை மட்டும் பார்த்தோம். எப்போது தூண்டப்பட்டது என்பது அதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. ஓய்விலிருக்கும் எலி நொடிக்கு இரண்டு முறை அளவில் மூச்சுவிடுகிறது. எதையேனும் ஆராயும்போது அதன் மூக்கு நொடிக்கு 6 முதல் 10 முறை விரைந்து முகர்கிறது. ஒவ்வொரு முகர்வும் காற்றின் ஒரு சிறு மாதிரியை எடுப்பதற்குச் சமம். 2003-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற எலிகள் ஒரே ஒரு முகர்வில் இரண்டு வாசனைகளைப் பிரித்து முடிவெடுத்துவிடுவதும், கலவைகள் மிகவும் ஒத்திருந்தபோதும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளாததும் தெரிந்தன. மறு ஆண்டில் சுண்டெலிகளைக் கொண்டு செய்த ஆய்வோ, எளிதில் வேறுபடும் வாசனைகளுக்கு 200 மில்லிநொடிக்கும் குறைவான நேரமும், ஒத்த கலவைகளுக்கு அதற்கு மேல் 70 முதல் 100 மில்லிநொடி கூடுதலாகவும் தேவைப்பட்டதைக் காட்டியது. இவ்விரு முடிவுகளும் நீண்ட விவாதத்துக்கு இடமளித்தன. அவசரப்படுத்தாத சூழலில் காத்திருக்கப் பழகிய பிராணி காத்திருந்து துல்லியத்தைக் கூட்டிக்கொள்கிறது. விரைவையே பழகியது விரைகிறது. இரு முடிவுகளையும் இணைத்துப் பார்க்க இந்த விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எப்படியிருந்தாலும், இந்தக் கணக்கு முழுவதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

அந்த நேரத்துக்குள்ளும் மூளை இன்னும் நுண்ணிய காலப் பிரிவுகளைப் பயன்படுத்துகிறது. சுண்டெலியின் மோப்ப நரம்பு செல்களை வாசனைக்குப் பதிலாக ஒளியால் தூண்டிய ஓர் ஆய்வில், ஒரே முகர்வுச் சுழற்சிக்குள் அந்தத் தூண்டல் 10 மில்லிநொடி முன்பின்னாக நிகழ்ந்தாலும் சுண்டெலி அந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டது. 2021-இல் லண்டனில் உள்ள பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டு வாசனைகள் நொடிக்கு 40 முறை வரை ஏறி இறங்கினாலும், அவை ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா, மாறி மாறி ஏறி இறங்குகின்றனவா என்பதைச் சுண்டெலிகள் வேறுபடுத்துகின்றன. காற்றில் மணம் புகையிழைபோலத் துண்டு துண்டாக வருவதால், ஒரே மூலத்திலிருந்து வரும் மணங்கள் ஒன்றாக ஏறி இறங்கும். வெவ்வேறு மூலங்களிலிருந்து வருபவை அவ்வாறு இணங்குவதில்லை. ஆகவே இந்தத் திறன் மணங்களின் மூலங்களைப் பிரித்தறியவும் உதவுகிறது. மணம் வரும் திசையையும் எலி அறியும். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் உபிந்தர் பல்லாவின் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகள் ஓரிரு முகர்வுகளிலேயே வாசனை இடப்புறமிருந்து வருகிறதா வலப்புறமிருந்து வருகிறதா என்று சொல்லிவிட்டன. அதற்கு அவை சில மில்லிமீட்டர் இடைவெளியே உள்ள இரண்டு மூக்குத் துளைகளுக்கும் வந்து சேரும் மணத்தை ஒப்பிட்டுப் பார்த்தன.

முன்பு ஒத்திவைத்த செறிவுச் சிக்கலுக்கு விடை இந்தக் காலக் கணக்கில்தான் கிடைக்கிறது. ஒரு வாசனைக்கு மிகவும் இணக்கமான ஏற்பிகள், செறிவு குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும், மற்றவற்றுக்கு முன்பாகவே தூண்டப்படுகின்றன. செறிவு கூடும்போது சேர்ந்துகொள்ளும் புதிய ஏற்பிகள் இவற்றுக்குப் பின்னரே வருகின்றன. எனவே முகர்வின் தொடக்கத்தில் முந்தி வந்தவற்றை மட்டும் கணக்கில் கொண்டால், செறிவு எதுவாயினும் வாசனையின் அடையாளம் மாறாது. சுண்டெலிகள் மூச்சை உள்ளிழுத்த 100 மில்லிநொடிக்குள் கிடைக்கும் செய்தியைக் கொண்டே வாசனையை அடையாளம் காண்பதை 2017-இல் வெளியான சோதனைகள் காட்டின. மூளையின் வெளியடுக்கான மூளைப்புறணியும் இதற்குத் துணைநிற்கிறது: முதலில் வந்த செய்திகளால் தூண்டப்பட்ட அடக்கு செல்கள், பின்னர் வருபவற்றின் வாயை அடைத்துவிடுகின்றன. இந்தக் கருத்தை மேலும் சோதித்த நியூயார்க் பல்கலைக்கழகத்தார், 2020-இல், வாசனையே இல்லாமல் ஒளிப்புள்ளிகளால் சில குளோமருலஸ்களைக் குறிப்பிட்ட வரிசையில் தூண்டி, அந்தச் செயற்கை மணத்தை அடையாளம் காணச் சுண்டெலிகளுக்குக் கற்பித்தார்கள். பிறகு அந்த வரிசையில் சிற்சில மாற்றங்களைச் செய்து பார்த்தபோது, தொடக்கத்தில் இருந்த புள்ளிகளை மாற்றினால் சுண்டெலி பெரிதும் தடுமாறியது. இறுதியில் இருந்தவற்றை மாற்றினால் அவ்வளவாகத் தடுமாறவில்லை.

மூளைப்புறணி: ஒழுங்கைக் கலைத்தல்

கண்ணும் காதும் தரும் செய்திகள் தலாமஸ் என்ற பகுதியைக் கடந்துதான் மூளைப்புறணியை அடைகின்றன. மோப்பச் செய்தி அங்கே நிற்காமல், மைட்ரல் செல்களின் நார்கள் வழியாக நேராகப் பிரிஃபார்ம் புறணி எனப்படும் பழைமையான மூன்றடுக்குப் புறணியை அடைகிறது. இங்கேதான் மொத்த அமைப்பின் மிகப் புதிரான திருப்பம் இருக்கிறது. குமிழில் அவ்வளவு பாடுபட்டு அடுக்கப்பட்ட ஒழுங்கு, புறணியில் முற்றிலும் கலைக்கப்படுகிறது. ஒரு குளோமருலஸிலிருந்து வரும் நார்கள் பிரிஃபார்ம் புறணியின் எந்த மூலையிலும் தனியிடம் பெறாமல் எங்கும் பரவுகின்றன. ஒவ்வொரு புறணி செல்லும் பல குளோமருலஸ்களிலிருந்து, ஏறத்தாழக் குலுக்கல் முறையில் அமைந்ததுபோல, செய்திகளைப் பெறுகிறது. ஒரு வாசனையைக் காட்டினால் புறணி செல்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆங்காங்கே துடிக்கின்றன. எந்த ஒழுங்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுக்கியதை ஏன் கலைக்க வேண்டும்? ஏற்பிவாரியாகப் பிரிந்து கிடக்கும் செய்தி, வாசனையின் உறுப்புகளைச் சொல்லுமே தவிர, வாசனையைச் சொல்லாது. எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்பட்டன என்பதை ஒரு செல் அறிய வேண்டுமானால், பல குளோமருலஸ்களின் செய்தி அந்தச் செல்லிடம் ஒன்றுகூட வேண்டும். எந்தச் சேர்க்கை பின்னாளில் முக்கியமாகும் என்பது எலி பிறக்கும்போது தெரியாது என்பதால், முன்கூட்டியே சில சேர்க்கைகளை மட்டும் நிலைநிறுத்துவதைவிட, எல்லா விதமான சேர்க்கைகளையும் தற்செயலாக அமைத்து வைத்துவிட்டு, அனுபவம் அவற்றுள் பொருளுள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விடுவதே சிறந்த வழி. கலைத்தல் இங்கே குழப்பம் அல்ல, கற்றலுக்கான ஆயத்தம்.

இதை 2011-இல் வெளியான ஒரு சோதனை தெளிவாக மெய்ப்பித்தது. சுண்டெலியின் பிரிஃபார்ம் புறணியில் தற்செயலாக அமைந்த சில நூறு செல்களை ஒளிக்குத் துடிக்கும்படி மாற்றினார்கள். அவற்றை ஒளியால் தூண்டியபோது முதலில் சுண்டெலி எதுவும் செய்யவில்லை. அந்த ஒளியை மெல்லிய மின்னதிர்ச்சியோடு சேர்த்துக் கொடுத்துப் பழக்கியபோது, ஒளி பட்டதும் அது ஓடத் தொடங்கியது. இனிய பரிசோடு சேர்த்துக் கொடுத்தபோது நாடி வந்தது. எந்த மணமும் காற்றில் இல்லை. புறணி செல்களின் எந்தக் கூட்டத்துக்கும் எந்தப் பொருளையும் அனுபவம் ஏற்றிவிட முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்றை எதிர்பார்க்க முடியாது.

ஆயினும் எல்லாவற்றையும் பட்டறிந்துதான் கற்க வேண்டும் என்றால் நரியிடம் சிக்கிய சுண்டெலிக்குப் பாடம் கற்க இன்னொரு வாய்ப்பு இருக்காது. அதற்காகவே மைட்ரல் செல்களின் நார்கள் வேறொரு வழியிலும் செல்கின்றன. அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதியின் புறணியை அடையும் நார்கள் அங்கே கலைவதில்லை. ஒரே குளோமருலஸின் நார்கள் எல்லாச் சுண்டெலிகளிலும் ஒரே இடத்தில் சென்று சேர்கின்றன. நரியின் கழிவில் உள்ள டிஎம்டி என்ற பொருளின் மணத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆய்வகத்திலேயே வளர்ந்த சுண்டெலி முகர்ந்தாலும் அஞ்சி உறைந்து நிற்கும். அமிக்டலாவின் இந்தப் பகுதியைச் செயலிழக்கச் செய்தால் அந்த அச்சம் மறைகிறது. இதற்கு முன்னரே, 2007-இல், டோக்கியோ பல்கலைக்கழகத்தார் மூக்கின் மேற்பகுதியில் உள்ள ஒரு வகை மோப்ப செல்களை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கியிருந்தார்கள். அவை நரியின் மணத்தை உணர்ந்தன; அதை மற்ற மணங்களிலிருந்து பிரித்தறியவும், பயிற்சி கொடுத்தால் அதைத் தவிர்க்கவும்கூடக் கற்றுக்கொண்டன; ஆனால் அஞ்சவில்லை. ஒரு மணத்தை அறிவதும், அதற்கு அஞ்சுவதும் மூளையில் வெவ்வேறு பாதைகள் என்பதை இதிலிருந்து அறிகிறோம். இவற்றோடு, மற்ற எலிகளின் பாலினத்தையும் நிலையையும் அறிவிக்கும் சுரப்புகளை முதன்மையாக உணர்வதற்கென்று வோமரோநேசல் என்ற தனி உறுப்பும் எலியின் மூக்கின் அடியில் உண்டு. அதன் செய்திகள் வேறொரு குமிழுக்குச் செல்கின்றன.

பிறவியிலேயே அமைந்ததற்கும் தானாகக் கற்றதற்கும் இடையில் ஒரு நடுவழியும் எலிகளிடம் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலஃப் 1980-களில் செய்த ஆய்வுகளின்படி, புதிய உணவொன்றைத் தின்று வந்த எலியின் வாயை மற்றொரு எலி முகர்ந்தால், அதுவரை அறியாத அந்த உணவையே அதுவும் பின்னர் விரும்பித் தேர்ந்தெடுக்கிறது. உணவின் மணம் மட்டும் இதற்குப் போதாது. எலியின் மூச்சில் இயல்பாகவே உள்ள கார்பன் டைசல்பைடோடு அந்த மணம் சேர்ந்து வரவேண்டும். உயிருள்ள ஓர் எலி இதைத் தின்றிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நஞ்சுக்கு எப்போதும் ஆளாகக்கூடிய ஒரு பிராணிக்கு இது எவ்வளவு அரிய பாதுகாப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கலவையிலிருந்து பிரித்தெடுத்தல்

ஆய்வகத்தில் ஒவ்வொரு மணத்தையும் தனித்தனியே காட்டலாம். வெளியுலகில் மணங்கள் தனித்து வருவதில்லை. கொதிக்கும் ரசத்தில் பெருங்காயம் விழுந்திருக்கிறதா என்று மூக்கைக் கொண்டே சொல்லும் சமையல்காரரின் திறமையைப் போன்ற ஒன்று எலிக்கு ஒவ்வொரு நொடியும் தேவைப்படுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெங்கடேஷ் மூர்த்தியின் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 14 மணங்கள் வரை கலந்த கலவையில் ஒரு குறிப்பிட்ட மணம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லச் சுண்டெலிகளுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. அவை மிகவும் நன்றாகவே செய்தன. கலவையில் உள்ள மணங்களின் எண்ணிக்கை கூடக்கூடத் தவறுகள் கூடின. ஆனால் தவறுக்கு எண்ணிக்கை மட்டும் காரணமாகவில்லை: தேடும் மணம் தூண்டும் குளோமருலஸ்களையே பின்னணி மணங்களும் தூண்டியபோதுதான் சுண்டெலிகள் மிகுதியாகத் தவறின. ஏற்பிகளின் கூட்டமைப்பே வாசனையின் அடையாளம் என்ற கொள்கைக்கு, நடத்தையிலிருந்தே கிடைத்த உறுதிப்பாடாக இதைக் கருதலாம்.

இந்தத் திறமை ஆய்வகத்துக்கு வெளியே உயிர் காக்கவும் பயன்படுகிறது. தான்சானியாவின் மொரோகொரோவில் இயங்கும் அப்போப்போ அமைப்பு, ஆப்பிரிக்கப் பெரும்பை எலிகளுக்கு வெடிமருந்தான டிஎன்டியின் மணத்தைக் கற்பிக்கிறது. இரும்பைத் தேடும் கருவி ஒவ்வோர் ஆணிக்கும் ஒலி எழுப்பும். எலியோ மண், வேர், துரு ஆகியவற்றின் மணங்களைக் கடந்து வெடிமருந்தின் மணத்துக்கு மட்டுமே நின்று மண்ணைக் கீறுகிறது. அதன் எடை கண்ணிவெடியை வெடிக்கவைக்கப் போதாது. கம்போடியாவில் பணியாற்றிய மகாவா என்ற எலி நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் கண்டுபிடித்தது. 2020-இல் அதற்குப் பிரிட்டனின் பிடிஎஸ்ஏ என்ற விலங்கு நல அமைப்பு தங்கப் பதக்கம் அளித்தது. அப்போப்போவின் எலிகள் சளி மாதிரிகளை முகர்ந்து காசநோயையும் கண்டறிகின்றன.

கற்ற மணம் எலியின் மூளையில் எங்கே, எந்த வடிவில் தங்கியிருக்கிறது என்ற கேள்வி 2021-இல் எதிர்பாராத திசையில் திரும்பியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சுண்டெலியின் பிரிஃபார்ம் புறணியில் ஒரே செல்களை வாரக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது, ஒரே மணத்துக்குத் துடிக்கும் செல்கள் நாளடைவில் மாறிக்கொண்டே இருந்தன. முதல் நாளின் துடிப்பும் 32 நாட்களுக்குப் பிந்தைய துடிப்பும் ஒப்பிடப்பட்டபோது, அவை ஒரே மணத்துக்குரியவை என்று சொல்ல முடியாத அளவுக்கு மாற்றம் நிகழ்ந்திருந்தது. மின்னதிர்ச்சியோடு இணைத்துக் கற்பித்த மணத்துக்கும் இந்த மாற்றம் நிற்கவில்லை. ஆனால் சுண்டெலியோ அந்த மணத்தை மறந்துவிடவில்லை. நாள்தோறும் முகரக் கொடுத்த மணத்துக்குரிய செல்கள் மட்டும் மெதுவாக மாறின. முகரக் கொடுப்பதை நிறுத்தியதும் அவையும் பழைய வேகத்தில் மாறத் தொடங்கின. நிலையாக ஓரிடத்தில் எழுதிவைக்கப்பட்டதே நினைவு என்ற எண்ணத்துக்கு இது பொருந்தி வரவில்லை. மாறிக்கொண்டே இருக்கும் இந்தச் செல்களிடமிருந்து மூளையின் மற்ற பகுதிகள் மாறாத ஒரு மணத்தை எப்படிப் படித்தெடுக்கின்றன என்பதைத்தான் மோப்ப ஆய்வாளர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.